ஜாங் ஜுஜெங்: பத்து ஆண்டுகள் சீனாவை நடத்தியவரின் குடும்பம் ஏன் பட்டினியில் செத்தது?

#1 நூலகத்துமூலை

1584-ல் சீனாவின் ஜியாங்லிங் ஊரில் ஒரு பெரிய வீட்டின் கதவுகளை உள்ளூர் அதிகாரிகள் வெளியே இருந்து அடைத்து முத்திரை வைத்தார்கள். பெய்ஜிங்கிலிருந்து ஜப்தி செய்ய ஆட்கள் வருவதற்குள் ஒரு சாமானும் வெளியே போய்விடக் கூடாது என்று. உள்ளே இருந்தவர்களுக்குச் சோறு எப்படிப் போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. கதவைத் திறந்தபோது பத்துப் பேருக்கு மேல் பட்டினியில் செத்துக் கிடந்தார்கள்.

அது ஜாங் ஜுஜெங்கின் வீடு. 1572 முதல் 1582 வரை மிங் பேரரசை நடத்தியவர் அவர்தான். செத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அவர் சாகும்போது பேரரசர் வான்லி பெரிய பெரிய பட்டங்கள் கொடுத்தார், அரசு மரியாதையோடு உடலை ஊருக்கு அனுப்பினார். அதே வான்லிதான் இந்த ஜப்திக்கும் ஆணையிட்டார்.

சீன அரசவையில் உயர்ந்து விழுந்த அதிகாரிகள் எத்தனையோ பேர். பெரும்பாலும் கொள்ளையடித்துச் சேர்த்தவர்கள், அல்லது எதிர்க் கோஷ்டியிடம் தோற்றவர்கள். ஜாங்கை அப்படி ஒரு வரியில் அடக்க முடியவில்லை. காலியாகக் கிடந்த கருவூலத்தை நிரப்பிவிட்டுப் போனவர். களஞ்சியத்தில் பத்து ஆண்டுகளுக்குப் போதுமான தானியமும், குதிரைப் பராமரிப்புத் துறையின் கையில் மட்டும் 40 லட்சம் லியாங் வெள்ளியும் இருந்ததாக அந்த வம்சத்தின் அதிகாரபூர்வ நூலான மிங் வரலாறே சொல்கிறது. (ஒரு லியாங் சுமார் 37 கிராம்.) அப்படிப்பட்டவரை அந்த அரசு ஏன் இவ்வளவு வெறுத்தது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் கையில் இருந்த அதிகாரம் ஒரு சிறுவனிடம் இரவல் வாங்கியது. சிறுவன் வளர்ந்ததும் அதைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு வழி தெரியவில்லை. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 படகோட்டி

எனக்கு இவர் புதுசு. இவர் எந்தக் குடும்பம்? பணக்காரப் பரம்பரையா? அங்கே தேர்வு எழுதித்தானே மேலே வரவேண்டும்?

#3 நூலகத்துமூலை

பணக்காரர் இல்லை, படகோட்டி. 1525-ல் பிறந்தார். குடும்பம் படைவீரர் பட்டியலில் பரம்பரையாகப் பதிவான குடும்பம். தாத்தா ஜாங் ஜென் அந்த ஊரில் இருந்த லியாவ் இளவரசரின் மாளிகையில் காவலாளி. பேரன் படிப்பில் சுட்டி. 12 வயதில் முதல்கட்டத் தேர்வில் தேறிவிட்டான். அடுத்த வருஷமே மாகாணத் தேர்வு எழுதினான். அப்போது ஆளுநராக இருந்த கு லின், பையனின் விடைத்தாள் நன்றாக இருந்தும் வேண்டுமென்றே தேறவிடாமல் நிறுத்திவைத்தார். இவ்வளவு சின்ன வயதில் வெற்றி வந்தால் கெட்டுப்போவான், கொஞ்சம் அடிபட்டு வரட்டும் என்று நினைத்தார். 16 வயதில் தேறி வந்தபோது அதே ஆளுநர் தன் இடுப்பில் இருந்த காண்டாமிருகக் கொம்புக் கச்சையை அவிழ்த்துக் கொடுத்து, நீ ஒருநாள் பச்சைக்கல் கச்சை கட்டப்போகிறவன் என்று சொன்னாராம். பச்சைக்கல் கச்சை என்றால் ஆக உயர்ந்த நிலை.

அந்தச் சமயத்தில்தான் தாத்தா இறந்தார். லியாவ் இளவரசர் ஜாங்கின் வயதுக்காரர். காவலாளியின் பேரன் தன்னைவிடப் பேர் வாங்குவது பொறுக்காமல், வாழ்த்துகிறேன் என்ற சாக்கில் கிழவருக்குக் குடிக்கக் கொடுத்துக் கொடுத்தே கொன்றார் என்று சொல்லப்படுகிறது. அந்தக் குடும்பத்தோடு பகை அங்கே தொடங்கியது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஜப்தி வரை வரும்.

1547-ல் தலைநகர்த் தேர்வில் தேறி, அரசவை அறிஞர்களின் ஹான்லின் கழகத்தில் சேர்ந்தார். அப்போது அரசவை யான் சோங்கின் கையில் இருந்தது. மகன் யான் ஷிஃபானோடு சேர்ந்து பதவிகளை விலைக்கு விற்றவர். ஜாங்கின் ஆசான் ஷூ ஜியே அந்த யான் சோங்குக்கு வணக்கம் போட்டுக்கொண்டே வருஷக்கணக்காகக் காத்திருந்து 1562-ல் கவிழ்த்தார். ஜாங் பார்த்து வளர்ந்த அரசியல் இதுதான். நடுவில் சலித்துப்போய் 1554-ல் உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். சில வருஷம் கழித்துத் திரும்பி வந்து, ஒரு இளவரசருக்கு ஆசிரியராக அமர்த்தப்பட்டார். அந்த இளவரசர் 1567-ல் லாங்சிங் பேரரசர் ஆனார். ஜாங்கும் அதே வருஷம், பேரரசருக்கு வரும் மனுக்களைப் பார்க்கும் பெருஞ்செயலகத்துக்குள் வந்தார்.

1572-ல் லாங்சிங் இறந்தார். வாரிசு வான்லிக்கு ஒன்பது வயது (சீன வயதுக் கணக்கில் பத்து). மூத்த செயலர் காவ் கோங், பத்து வயதுப் பையன் எப்படி நாட்டை ஆள்வான் என்று துக்கத்தில் புலம்பியதை அரண்மனை அண்ணகர்களின் (விதை நீக்கப்பட்ட ஊழியர்களின்) தலைவர் ஃபெங் பாவ் திரித்து ராஜமாதாக்களின் காதில் போட்டார். காவ் கோங்குக்குப் பதவி போனது, அன்றே ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். ஜாங் அந்த இடத்துக்கு வந்தார். ஃபெங் பாவோடு அவருக்கு முன்கூட்டியே உடன்பாடு இருந்தது என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள்.

#4 மாலைவெயில்

நல்ல தொடக்கம். ஆனால் பாதிக்கப்பட்டவர் கதையாக மட்டும் இதைச் சொல்லக் கூடாது. பட்டினியில் செத்தவர்களுக்காக எனக்கும் வயிறு எரிகிறது. அதே வயிறு 1577-க்கும் எரியவேண்டும்.

அந்த வருஷம் ஜாங்கின் அப்பா இறந்தார். பெற்றோர் இறந்தால் அதிகாரி பதவியை விட்டு ஊருக்குப் போய் 27 மாதம் துக்கம் காக்க வேண்டும். சீனாவில் அது வெறும் சடங்கு கிடையாது. பெற்றவனுக்குக் கடமை செய்யாதவன் அரசனுக்கு என்ன விசுவாசமாக இருப்பான் என்பது அவர்கள் கேள்வி. ஜாங் போகவில்லை. பேரரசர் போகவேண்டாம் என்று ஆணையிட்டதாகக் காட்டி இருந்துவிட்டார். 14 வயதுப் பையன் தானாக அப்படி ஆணையிட்டான் என்று யாரும் நம்பவில்லை.

முதலில் எதிர்த்து எழுதியவர்கள் யார் தெரியுமா? வூ ஜோங்ஷிங், ஜாவ் யோங்ஷியன். இரண்டு பேரும் 1571-ல் ஜாங் தேர்வாளராக இருந்தபோது தேறியவர்கள், அதாவது அவருடைய மாணவர்கள். வூ தன் மனுவின் நகலை எடுத்துக்கொண்டு நேராக ஜாங்கிடமே போனார். "அனுப்பிவிட்டாயா?" என்று ஜாங் கேட்டார். "அனுப்பாமல் உங்களிடம் சொல்லத் துணியமாட்டேன்" என்றார் மாணவர்.

அரண்மனைத் தெற்கு வாசலில் வைத்து, ஊர் பார்க்க அவர்களைத் தடியால் அடித்தார்கள். அவர்கள் இருவருக்கும் 60 அடி. அடுத்து எழுதிய ஐ மூ, ஷென் ஸிஷியாவ் இருவருக்கும் 80 அடி. ஜாவின் தொடையிலிருந்து உள்ளங்கை அகலச் சதை பிய்ந்து விழுந்தது. அவர் மனைவி அதை உப்புப் போட்டுக் காயவைத்து எடுத்துவைத்தார். இதைக் கண்ணால் பார்த்த ஜோவ் யுவான்பியாவ் என்ற இளைஞர், அந்த வருஷம்தான் தேர்வில் தேறியவர், அதே நாளில் தன் மனுவை உள்ளே கொடுத்தார். விடுப்புக் கடிதம் என்று வாசலில் இருந்த அண்ணகர்களிடம் பொய் சொல்லிக் கொடுத்தார். 80 அடி, குய்ஜோவுக்கு நாடுகடத்தல், ஆயுசுக்கும் சரியாகாத கால்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு பெரிய வால்நட்சத்திரம் வேறு வந்தது. ஐரோப்பாவில் வானியலாளர் டைக்கோ பிராஹே அளந்து குறித்த அதே 1577 வால்நட்சத்திரம். பெய்ஜிங்கில் அதைப் பார்த்தவர்கள் வானமே ஜாங்கைக் கண்டிக்கிறது என்று சுவரொட்டி ஒட்டினார்கள்.

#5 படகோட்டி

அடேயப்பா. 27 மாதம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? திரும்பி வந்திருக்க முடியாதா?

#6 கரிசல்காட்டான்

படகோட்டி கேட்டதுதான் சரியான கேள்வி. திரும்பி வந்திருக்கவே முடியாது. அதற்குக் காரணம் அந்தப் பதவியின் கட்டமைப்பு.

மிங் வம்சத்தைத் தொடங்கிய ஹோங்வூ 1380-ல் தலைமை அமைச்சர் பதவியையே ஒழித்தார். அந்தப் பதவியை மீண்டும் கொண்டுவரச் சொல்பவனுக்கு மரண தண்டனை என்று சந்ததிகளுக்கு எழுதியும் வைத்தார். அப்புறம் வந்த பேரரசர்களால் அத்தனை காகிதத்தையும் தனியாகப் படிக்க முடியவில்லை. அதனால் உதவிக்கு வைத்துக்கொண்டவர்கள்தான் பெருஞ்செயலர்கள். அந்தப் பதவிக்கான தரவரிசை வெறும் ஐந்தாம் படி. எந்த அமைச்சகமும் சட்டப்படி அவர்களுக்குக் கீழே இல்லை.

அவர்கள் வேலை இதுதான்: வரும் மனுவைப் படித்து, இதற்கு இப்படிப் பதில் சொல்லலாம் என்று ஒரு சின்னத் தாளில் எழுதி மனுவின்மேல் ஒட்டி உள்ளே அனுப்புவது. பேரரசர் சம்மதித்தால் அதைச் சிவப்பு மையில் எழுதுவார். சிவப்பு மை விழுந்தால்தான் அது ஆணை. அந்தச் சிவப்பு மையைப் பேரரசர் சார்பில் தொட்டவர்கள் அண்ணகர்கள். அவர்களுக்குத் தலைவர் ஃபெங் பாவ்.

அதாவது தாள் ஜாங்குடையது, மை ஃபெங் பாவுடையது, இரண்டுக்கும் மேலே ராஜமாதா லீயின் நம்பிக்கை. இந்த மூன்றில் ஒன்று விலகினாலும் ஜாங் ஐந்தாம்படி எழுத்தர்தான். 27 மாதம் ஊரில் உட்கார்ந்திருந்தால் வேறொருவர் தாள் ஒட்ட ஆரம்பித்திருப்பார். தன் சீர்திருத்தம் எதையும் சட்டமாக்க அவருக்கு இடம் இல்லை. மாகாண ஆளுநர்களுக்குத் தனிப்பட்ட கடிதம் எழுதி எழுதித்தான் பாதி வேலையை முடித்தார். இந்த ஆணை வரப்போகிறது, நீங்களே கேட்டதுபோல ஒரு மனு அனுப்புங்கள் என்று அவர்தான் சொல்லிக்கொடுப்பார். மனு வரும். அவரே அதற்குச் சம்மதம் எழுதுவார்.

அரசனிடம் குளிர்காய்பவன்போல ரொம்ப நெருங்காமலும் ரொம்ப விலகாமலும் நில் என்று நம் ஊரில் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஜாங்குக்கு விலகி நிற்க இடமே கிடையாது.

#7 அளவைச்சங்கிலி

நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அரசவைச் சண்டையை நீங்கள் பேசுங்கள். அவர் செய்த நில அளவையைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அவர்மேல் வந்த வெறுப்பில் பெரும் பங்கு அங்கேதான் முளைத்தது என்று நான் நம்புகிறேன்.

மிங் தொடக்கத்தில் நிலப் பதிவேடு நன்றாக இருந்தது. துண்டு துண்டாக வயல்களை வரைந்தால் மீன் செதில் மாதிரி தெரியும், அதனால் மீன்செதில் பதிவேடு என்று பேர். இருநூறு வருஷத்தில் அது செல்லரித்துவிட்டது. இளவரசர் குடும்பங்களும், தேர்வில் தேறிய பெரிய வீட்டுக்காரர்களும் வரிச்சலுகையைப் பிடித்துக்கொண்டு நிலத்தைக் கணக்கிலிருந்து மறைத்தார்கள். ஏழை விவசாயி நிலத்தை விற்றுவிட்டான், வரி மட்டும் அவன் பேரிலேயே நின்றது. கட்ட முடியாதவன் ஓடிப்போனான். ஓடியவனின் வரி பக்கத்து வீட்டுக்காரன் தலையில் விழுந்தது.

ஜாங் 1578-ல் முதலில் ஃபூஜியானில் அளக்கச் சொன்னார். அது பலித்ததும் 1580-ல் நாடு முழுக்க ஆணை போனது. அளவுகோலுக்கு அங்கே "வில்" என்று பேர். ஒரு வில் ஐந்து சீன அடி. 240 சதுர வில் சேர்ந்தால் ஒரு மூ. ஏக்கரில் ஆறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மிங் வரலாறு அவர் காலத்துக்குத் தரும் மொத்தம் சுமார் 70 கோடி மூ. அதற்கு முன் 1500-களின் தொடக்கத்தில் இருந்த கணக்கைவிட சுமார் 30 கோடி மூ கூடுதல்.

இந்த எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். அதே வரலாறு அடுத்த வரியிலேயே சொல்கிறது: கணக்கு கூடுதலாக வந்தால் ஜாங்குக்குப் பிடிக்கும் என்று தெரிந்து, கீழ் அதிகாரிகள் வில்லின் நீளத்தைக் குறைத்துவிட்டார்கள். வில் குட்டையானால் அதே வயல் காகிதத்தில் பெரிதாகும். வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மேலே இருப்பவர் எண்ணை மட்டும் கேட்டால் கீழே இருப்பவன் எண்ணைத்தான் தயாரிப்பான். இது அவர் முறையின் நிஜமான குறை.

ஆனால் மறைத்த நிலம் வெளியே வந்ததும் நிஜம். அப்படி மாட்டியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. அரசவையில் மனு எழுதுகிற கைகள் எல்லாம் அந்த வீடுகளிலிருந்து வந்தவைதான். ஜாங் செத்ததும் அந்தக் கைகள் சும்மா இருக்குமா?

#8 மாலைவெயில்

சங்கிலி அண்ணா, அளவையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படிக்க நிறைவாக இருந்தது. ஆனால் எதிர்த்தவர்கள் எல்லோரும் நிலம் மறைத்தவர்கள் என்று ஆக்கிவிட வேண்டாம். ஜோவ் யுவான்பியாவ் எதை மறைத்தார்?

ஜாங்கின் மகன்கள் விஷயத்தை யாரும் தொடவில்லையே. 1577 தலைநகர்த் தேர்வில் இரண்டாம் மகன் நாட்டிலேயே இரண்டாம் இடம். 1580-ல் மூன்றாம் மகன் மாவ்ஷியூ முதலிடம், மூத்தவன் ஜிங்ஷியூவும் அதே தேர்வில் தேறினான். நாடக ஆசிரியர் டாங் ஷியான்ஸு அந்த மகன்களோடு பழகச் சொல்லி வந்த அழைப்பை மறுத்தார். ஜாங் உயிரோடு இருந்தவரை அவர் தேறவில்லை, 1583-ல்தான் தேறினார். இதற்கு என்ன சொல்வீர்கள்?

1579-ல் தனியார் கல்விக்கழகங்களை மூட ஆணையிட்டு, 64 கழகங்களை அரசு அலுவலகங்களாக மாற்றினார். ஊர் ஊராய்ப் போய்ப் பேசிவந்த ஹெ ஷின்யின் அதே வருஷம் வூசாங் சிறையில் அடிபட்டுச் செத்தார். அப்பாவை அடக்கம் செய்ய 1578-ல் ஊருக்குப் போனபோது 32 பேர் தூக்கிய பல்லக்கில் போனாராம், அதற்குள் படுக்கையறை, வரவேற்பறை எல்லாம் இருந்ததாம்.

#9 நூலகத்துமூலை

மாலைவெயில், மகன்கள் விஷயத்தில் நான் அவருக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். பையன்கள் கெட்டிக்காரர்களாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் அப்பா அந்த இடத்தில் இருக்கும்போது முதலிடம் தந்ததும் பெற்றதும் அசிங்கம். கல்விக்கழகம் மூடியதும் அப்படித்தான். தன்னை விமரிசிக்க நாலு பேர் கூடும் இடமே இருக்கக் கூடாது என்று நினைத்தார்.

பல்லக்கு வேறு கதை. அது பிற்காலத்தவர் எழுதிவைத்ததில் வருவது. அந்தப் பயணத்தின் அரசுப் பதிவுகளில் அப்படி ஒன்று இல்லை என்று காட்டி இன்றைய ஆய்வாளர்கள் பலர் ஏற்க மறுக்கிறார்கள். ஆனாலும் அந்தப் பயணம் ஆடம்பரம்தான். வழி நெடுக ஆளுநர்கள் வந்து வரவேற்றார்கள். அவர் ஊரில் இருந்த நாட்களிலும் முக்கியமான மனுக்கள் ஜியாங்லிங்குக்கே குதிரையில் போயின.

இதையும் சேர்த்துப் பாருங்கள். அரசு அஞ்சல் நிலையங்களின் குதிரையையும் ஆட்களையும் அதிகாரிகள் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்துவதை 1575-ல் கடுமையாகத் தடுத்தார். அவர் மகன் தேர்வெழுத ஊருக்குப் போனபோது கூலி வண்டி பிடித்துத்தான் போனான். அப்பாவின் பிறந்தநாளுக்கு அனுப்பிய பரிசை வேலைக்காரன் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போனான். தம்பி ஜுசியான் நோயோடு ஊர் திரும்பியபோது பாவோடிங் ஆளுநர் அரசுக் குதிரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஜாங் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். தம்பி சாகக் கிடக்கும்போது! விதியை அந்த அளவு பிடித்தவர், கடைசி நாலைந்து வருஷத்தில் தன் வீட்டுக்கு வரும்போது மட்டும் தளர்த்திவிட்டார். 1577-க்கு முன் ஒரு ஜாங், பின் ஒரு ஜாங் என்றே எனக்குத் தோன்றுகிறது. மாணவர்களே எதிர்த்தது அவரை உள்ளுக்குள் ஏதோ செய்துவிட்டது. அந்த மாணவர்களுக்காகப் பரிந்துபேச வந்த அதிகாரி ஒருவர் முன்னால் ஜாங் மண்டியிட்டு, கத்தியை எடுத்துக் கழுத்தில் வைத்து, என்னைக் கொன்றுவிடுங்கள் என்று கத்தினார் என்று பதிவுகள் சொல்கின்றன.

ஜப்தியில் கிடைத்தது பொன் பத்தாயிரம் லியாங்குக்குக் கொஞ்சம் மேல், வெள்ளி ஒரு லட்சம் லியாங்குக்குக் கொஞ்சம் மேல். அவர் சம்பளத்தில் இது சேராது, காணிக்கை வாங்கியிருக்கிறார், சந்தேகமே இல்லை. ஆனால் யான் சோங் வீட்டில் எடுத்த வெள்ளி 20 லட்சம் லியாங்குக்கு மேல். பேரரசரிடம் ஜாங் வீட்டுச் செல்வம் அரண்மனையைவிட அதிகம் என்று ஓதியிருந்தார்கள். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்றதும் ஜிங்ஷியூவைச் சித்திரவதை செய்து, மூன்று லட்சம் லியாங்கை வேறு மூன்று பேர் வீட்டில் பதுக்கியதாகச் சொல்லவைத்தார்கள். அவன் இரத்தத்தில் ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டுத் தூக்குப் போட்டுக்கொண்டான். தேர்வில் முதலிடம் வந்த மாவ்ஷியூ கிணற்றில் குதித்தான், பிழைத்துவிட்டான்.

#10 படகோட்டி

இந்தப் பேரரசர் பையன் அவ்வளவு வெறுக்க ஜாங் அவனை என்னதான் செய்தார்? அடித்தாரா?

#11 கரிசல்காட்டான்

அடிக்கவில்லை. படிக்கவைத்தார்.

பையனுக்காகவே படப் புத்தகம் ஒன்று தயாரித்தார். பழைய அரசர்கள் செய்த 81 நல்ல காரியங்கள், 36 கெட்ட காரியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். குழந்தைக்கு அது பிடித்தும் இருந்தது. அவரை "ஜாங் ஆசிரியர்" என்றுதான் கூப்பிடுவான். பாடம் நடக்கும்போது குளிர்காலத்தில் ஆசிரியர் நிற்கும் இடத்தில் கம்பளித் துண்டு விரிக்கச் சொல்வான், கோடையில் விசிறச் சொல்வான். ஒருமுறை ஜாங்குக்கு வயிற்று வலி என்றதும் மிளகு போட்ட சூடான சாறு தன் கையாலேயே கலந்து கொடுத்தான்.

அதே ஜாங், பையன் பாடத்தில் ஓர் எழுத்தைத் தவறாக வாசித்ததும் எல்லோர் முன்னாலும் அதட்டினார் என்று ஒரு கதை உண்டு. அறையில் இருந்தவர்கள் நடுங்கிப்போனார்களாம். சிறுவனுக்கு அழகாக எழுத வரும், தூரிகை எழுத்தில் ஆசை அதிகம். அரசனுக்கு இது உதவாது என்று அந்தப் பாடத்தையே நிறுத்தச் செய்தார். புத்தாண்டு விளக்கு அலங்காரம் செலவு என்று வெட்டினார். இதெல்லாம் ஒரு குழந்தையின் மனதில் எப்படித் தங்கும் என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

1580-ல் நடந்ததுதான் முறிவு என்பேன். 17 வயதில் வான்லி குடித்துவிட்டு ஒரு பணிப்பெண்ணைப் பாடச் சொன்னான். அவள் தெரியாது என்றதும் அவள் முடியை வெட்டினான். மறுநாள் ராஜமாதா லீ அவனை மண்டியிடவைத்து, உன்னை இறக்கிவிட்டு உன் தம்பி லூ இளவரசனை ஏற்றட்டுமா என்று கேட்டார். அப்புறம், பேரரசர் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ளும் அறிக்கையை ஜாங்தான் எழுதிக் கொடுத்தார். நாடு முழுக்கப் படிக்கும் அறிக்கை. பதின்வயதுப் பையன் தன் அவமானத்தை ஆசிரியரின் வாசகத்தில் கையெழுத்துப் போட்டான். அந்த வாசகம் தேவைக்குமேல் கடுமையாக இருந்தது.

அப்புறம் ஜாங் செத்ததும் அவனுக்கு வெளியே தெரிந்தது என்ன? சிக்கனம் சொன்ன ஆசிரியர் வீட்டில் பொன். இளமையில் நம்பிய ஒரே மனிதர் பொய் என்று தோன்றிவிட்டது. அவன் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு மாணவனின் காயம் இருக்கிறது.

#12 நூலகத்துமூலை

நன்றாகச் சொன்னீர்கள், கரிசல். 1580-ல் ஜாங் தானாகவே பதவி விலக மனு கொடுத்தார். பேரரசருக்கு வயது வந்துவிட்டது, திருமணம் ஆகிவிட்டது, என்னை விட்டுவிடுங்கள் என்றார். ராஜமாதா, பேரரசனுக்கு 30 வயது ஆகட்டும், அதுவரை நீங்கள் இருங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியம் ஜாங்கையும் கட்டியது, பையனையும் கட்டியது. இன்னும் பதிமூன்று வருஷம் இவர்தானா என்று வான்லி அன்று கணக்குப் போட்டிருப்பான்.

ஆனால் பதிமூன்று வருஷம் ஆகவில்லை. மூலநோய்க்குச் செய்த அறுவைக்குப் பிறகு ஜாங் தேறவே இல்லை. சாப்பாடு இறங்கவில்லை, நிற்க முடியவில்லை என்று தன் பழைய ஆசான் ஷூ ஜியேக்கு எழுதினார். படுக்கையிலிருந்தும் காகிதம் பார்த்துக்கொண்டே 1582 ஜூலையில் இறந்தார். வயது 57.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அந்த வருஷ முடிவுக்குள் ஃபெங் பாவ் விழுந்து நான்ஜிங்குக்கு அனுப்பப்பட்டார். 1583-ல் ஜாங்கின் பட்டங்கள் பறிக்கப்பட்டன. லியாவ் இளவரசரின் பட்டம் 1568-லேயே பறிபோயிருந்தது. இப்போது அந்த வீட்டின் மூத்த பெண்மணி, எங்கள் சொத்தையெல்லாம் ஜாங் விழுங்கிவிட்டார் என்று மனு கொடுத்தார். அதைக் காரணமாக வைத்துத்தான் ஜப்தி நடந்தது. கடைசித் தீர்ப்பில் வான்லி சொன்னது: சவப்பெட்டியை உடைத்து உடலை வெட்டவேண்டியவன், பல வருஷம் உழைத்ததற்காக விட்டுவிடுகிறேன்.

செயலர் ஷென் ஷிஷிங் போன்றவர்கள் கெஞ்சியதால் 80 வயது தாண்டிய தாய்க்கு ஒரு காலி வீடும் ஆயிரம் மூ நிலமும் விட்டார்கள்.

#13 தென்றல்முற்றம்

அவரோடு விழுந்தவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானியக் கடற்கொள்ளையரை அடக்கிய தளபதி ச்சி ஜிகுவாங், வடக்கு எல்லையில் பெருஞ்சுவரின் காவல் கோபுரங்களைக் கட்டியவர். ஜாங்கின் ஆள் என்பதால் 1583-ல் தெற்கே குவாங்டோங்குக்கு மாற்றினார்கள், அப்புறம் பதவியும் போனது. 1588 தொடக்கத்தில் வறுமையில் செத்தார்.

மஞ்சள் ஆற்றைக் கட்டிய பான் ஜிஷுன் இன்னும் வேதனை. ஆற்றை அகலப்படுத்தாதே, கரையை நெருக்கு, ஓடும் தண்ணீரே வண்டலை அடித்துக்கொண்டு போகும் என்று 1578-ல் செய்துகாட்டிய பொறியாளர். ஜாங் வீட்டில் ஆட்கள் பட்டினியில் சாகிறார்கள், கிழவியை விடுங்கள் என்று மனு எழுதினார். அதற்காகவே பதவி நீக்கம். ஆறு மறுபடி தொல்லை கொடுத்ததும் 1588-ல் அவரையே திரும்பக் கூப்பிட்டார்கள்.

#14 மாலைவெயில்

தென்றல், பான் ஜிஷுன் பற்றி எழுதியதற்கு நன்றி.

ஜோவ் யுவான்பியாவை நான்தான் கொண்டுவந்தேன், அவர் கதையின் மீதியையும் நானே சொல்கிறேன். ஜாங் செத்த பிறகு அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். மறுபடி எதிர்த்துப் பேசி மறுபடி பதவி இழந்தார். பல வருஷம் ஊரில் இருந்து பாடம் சொல்லிக் கொடுத்தார். வான்லி 1620-ல் சாகும் வரை சுமார் முப்பது வருஷம் அரசவைக்கு ஒழுங்காக வராமல், காலியான பதவிகளை நிரப்பாமல், 1596-லிருந்து சுரங்க வரி என்ற பேரில் அண்ணகர்களை ஊர் ஊராக அனுப்பிப் பிடுங்கிக்கொண்டிருந்ததை எல்லாம் ஜோவ் பார்த்தார். வான்லியின் பேரன் ஆட்சியில் 1622-ல் கண்காணிப்புத் துறையின் தலைவராக உட்கார்ந்தபோது, ஜாங்குக்குப் பதவியைத் திருப்பிக் கொடுங்கள் என்று பேசியவர்களில் அவரும் ஒருவர். ஜாங்கின் ஆணையில் கால் போனவர்! அந்த வருஷம் ஜாங்கின் பழைய பதவி திரும்பியது. 1640-ல் ஜிங்ஷியூவின் பதவியும் திரும்பியது.

இதனால் ஜோவ் 1577-ல் எழுதியது தப்பு என்று ஆகாது. அவர் அப்படிச் சொல்லவும் இல்லை. துக்கம் காக்காததும் மாணவர்களை அடித்ததும் குற்றம்தான், நிர்வாகம் நடத்தியது பெரிய காரியம்தான். இரண்டையும் ஒரே ஆள் செய்தார். எனக்கு மதிப்பு ஜோவ் மேல்தான் அதிகம்.

#15 நூலகத்துமூலை

எனக்கு இன்னும் ஜாங் மேல்தான். என்மேல் மக்கள் படுத்தாலும் சிறுநீர் கழித்தாலும் பாயாகக் கிடக்கத் தயார் என்று ஒரு கடிதத்தில் எழுதியவர். அப்படிக் கிடக்கவும் செய்தார். ஹாய் ருய் சொன்னதாக ஒரு வாக்கு உண்டு: நாட்டுக்குத் திட்டம் போடுவதில் கெட்டிக்காரர், தனக்குத் திட்டம் போடுவதில் கையாலாகாதவர். ஹாய் ருய் யாருக்கும் வளையாத மனுஷன், ஜாங் அவருக்குப் பதவியும் கொடுக்கவில்லை. அந்த வாயிலிருந்து வந்ததால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

#16 படகோட்டி

சரி, ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவர் செய்தது எல்லாமே அவரோடு போய்விட்டதா?

#17 அளவைச்சங்கிலி

தம்பி, எல்லாம் போகவில்லை. எது நின்றது என்பது சுவாரஸ்யமானது.

முதலில் போனது அதிகாரிகளின் கணக்குப் புத்தகம். 1573-ல் கொண்டுவந்தார். ஒவ்வொரு வேலைக்கும் கெடு வைத்து அமைச்சகம் ஒரு பதிவேட்டில் எழுதவேண்டும். அதன் ஒரு பிரதி கண்காணிப்பு அலுவலகத்துக்கு, இன்னொன்று பெருஞ்செயலகத்துக்கு. முடிந்த வேலையை அடித்துவிட்டு, முடியாததற்கு மாதக் கடைசியிலும் வருஷக் கடைசியிலும் பதில் சொல்லவேண்டும். வரி வசூலில் குறை வைத்தால் சம்பளமும் பதவியும் போகும். இதை ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை. அவர் செத்த இரண்டே வருஷத்தில் கைவிட்டார்கள்.

ஒற்றைச் சாட்டை வரி நின்றது. நிலவரி, கட்டாய வேலை, இன்னும் இருபது விதமான சில்லறைப் பிடித்தங்களை எல்லாம் ஒன்றாகத் திரட்டி வெள்ளியாகக் கட்டச் சொல்வது. அவர் கண்டுபிடித்தது இல்லை, 1530-களிலிருந்தே சில மாகாணங்களில் நடந்தது. 1581-ல் அதை நாட்டு முறையாக்கினார். ஜப்பானிலிருந்தும், 1571-ல் ஸ்பானியர் பிடித்த மணிலா வழியாக அமெரிக்காவிலிருந்தும் வெள்ளி கொட்டிய காலம், அதனால் வேலை செய்தது. வெள்ளி எட்டாத வறண்ட வடமேற்கில் விவசாயிக்கு அதே வரி சாபமாகவும் ஆனது. அறுவடை சமயத்தில் தானியத்தை அடிமாட்டு விலைக்கு விற்றுத்தான் வெள்ளி வாங்கமுடியும். இந்தப் பக்கத்தையும் பேசவேண்டும்.

பணம் நின்றது கொஞ்ச காலம். 1592-ல் நிங்ஷியா கலகம், அதே வருஷம் கொரியாவில் ஜப்பானியப் படையெடுப்பு, 1599-ல் தென்மேற்கில் போஜோ கலகம். இந்த மூன்று போருக்கும் வான்லி செலவழித்தது பெருமளவு ஜாங் சேர்த்துவைத்த வெள்ளி.

நில அளவைதான் நீண்ட காலம் நின்றது. குட்டை வில்லால் ஊதின கணக்கும் சேர்ந்துதான். மிங் விழுந்து 1644-ல் மஞ்சூக்கள் வந்தபோது, புதிதாக அளக்க அவர்களுக்கு நேரமும் இல்லை, ஆளும் இல்லை. வான்லி காலத்துப் பதிவேட்டில் உள்ளபடி வரி என்று அறிவித்தார்கள். அந்த மஞ்சூக்களின் ச்சிங் வம்சத்து நிலவரிக் கணக்குக்கு அடிப்படை அந்தப் புத்தகங்கள்தான். அவற்றின்மேல் பேர் வான்லியுடையது.